ஆற்றில் போட்ட பொன்

"ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் அவன் அசடு என்று அர்த்தம். ஆனால் விருத்தாசலத்துக்காரர்களிடம் இந்தப் பழமொழியைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால், அவர்கள் ஊர் ஆற்றிலே போட்டதை வேறோர் ஊர்க் குளத்திலே ஒருவர் தேடி எடுத்தே விட்டார்!

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்துக்கு, அதாவது இன்றைய விருத்தாசலத்துக்கு, வந்து பழமலைநாதரிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். அவ்வளவு பொன்னையும் திருவாரூர் வரையில் சுமந்து போவது எப்படி? "மணிமுத்தாற்றில் போட்டுவிடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்று உத்தரவாயிற்று. அப்படியே போட்டார். திருவாரூருக்குப் போய்ப் பரவையாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அந்த அம்மாள் சிரித்தார் என்பது வரலாறு. எந்த மனைவிதான் சிரிக்கமாட்டாள்?

இந்தக் கதையில் எல்லாரும் ரசிப்பது பொன் குளத்தில் வந்த அற்புதத்தை. எனக்குப் பிடித்தது வேறொரு சிறிய விவரம். பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன் சுந்தரர் அதில் ஒரு சிறு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மாதிரிப் பொன். அதற்கு 'மச்சம்' என்று பெயர். குளத்திலிருந்து பொன் வந்ததும் மச்சத்தோடு சேர்த்து உரைத்துப் பார்த்தார்கள். மாற்றுக் குறைந்திருந்தது! நாயனார் விடவில்லை. மறுபடியும் பாடினார். மாற்றுச் சரியான பிறகே பொன்னை வீட்டுக்கு எடுத்துப் போனார். திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்று ஒரு பிள்ளையாரே இருக்கிறார்.

கொடுத்தவர் கடவுள். வாங்கியவர் அவருடைய தோழர். அந்த இடத்திலேயே மச்சமும் உரைகல்லும் தேவைப்பட்டிருக்கின்றன. அப்படியானால், ஒரு தேசம் இன்னொரு தேசத்துக்கு அனுப்பும் பொன்னை எவ்வளவு ஜாக்கிரதையாக உரைத்துப் பார்க்க வேண்டும்!

நான் சொல்லப் போவது 'அபிவிருத்தி உதவி' என்ற விஷயத்தைப் பற்றி. பணக்கார தேசங்கள், முக்கியமாக ஐரோப்பாவும் அமெரிக்காவும், மற்ற தேசங்களின் முன்னேற்றத்துக்கென்று கொடுக்கும் பணம், யந்திரம், யோசனை எல்லாம் அதில் அடக்கம். பொருளாதாரக் கட்டுரை என்று பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள உறவு மளிகைக் கடைப் பாக்கியோடு சரி.

உதவியை நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூடத்தில். காமராஜர் காலத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு அறுபதுகளில் 'கேர்' ஸ்தாபனத்தின் மூலமாக அமெரிக்காவிலிருந்து பால் பவுடரும், மக்காச்சோள மாவும், எண்ணெயும் வந்தன. டப்பாவின்மீதும் மூட்டையின்மீதும் ஒரு கேடயம் போன்ற படம். அதற்குள் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும். "இதிலே எது சார் நம்ம கை?" என்று ஒரு பையன் வாத்தியாரைக் கேட்டான். வாத்தியார் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "வாங்கறவன் கை எப்பவும் கீழேதாண்டா இருக்கும். இதிலே ரெண்டும் நேருக்கு நேரா இருக்கு. படம் போட்டவன் நல்லவன்" என்றார்.

அந்தப் படத்துக்குச் சொந்தமான அமெரிக்க உதவி ஸ்தாபனம் 1961-ஆம் ஆண்டு கென்னடி ஜனாதிபதியாக இருந்தபோது ஏற்பட்டது. 2025 ஜூலை முதல் தேதியோடு அது தன் வேலையை நிறுத்திக்கொண்டது. ஐரோப்பாவும் கையைச் சுருக்குகிறது. பிரிட்டிஷ் சர்க்கார் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.5 ஆக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ராணுவச் செலவு கூடிவிட்டதாம். பக்கத்தில் யுத்தம் நடக்கும்போது தர்ம காரியத்தில்தான் முதல் கத்தரி விழுகிறது.

நூறு ரூபாய் சம்பாதிக்கிற தேசம் எழுபது காசு உதவிக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று 1970-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையில் தீர்மானித்தார்கள். 2024-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், பணக்கார தேசங்கள் சராசரியாக எடுத்து வைத்தது முப்பத்துமூன்று காசு. எழுபது காசு என்ற வரம்பைத் தாண்டிய தேசங்கள் நான்கே நான்கு: நார்வே, சுவீடன், டென்மார்க், லக்ஸம்பர்க். அந்த ஆண்டில் உதவித் தொகை மொத்தம் சுமார் 21,200 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட நூற்றுக்கு ஏழு பங்கு குறைவு.

இந்தத் தொகையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தங்கள் தேசத்துக்கு வந்து சேரும் அகதிகளுக்கு முதல் பன்னிரண்டு மாதங்கள் செய்யும் செலவையும் இந்த உதவிக் கணக்கிலேயே எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. 2024-இல் மொத்த உதவியில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட செலவு. அகதிக்குச் சோறும் கூரையும் கொடுப்பது பெரிய புண்ணியம். ஆனால் அந்தப் புண்ணியத்தைத் தூர தேசத்துக் கிராமத்தின் பேரில் பற்று எழுதுவது என்ன நியாயம்? இது ஆற்றில் போட்டு அதே ஆற்றில் எடுத்துக்கொள்ளுகிற வித்தை.

சரி, இதற்கும் விருத்தாசலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்று சொல்வார்கள். அங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க ஒரு கல்வி நிலையமும் உண்டு. சிறு சிறு கொட்டகைகளில் வெண்களிமண்ணைக் கரைத்து, சுண்ண அச்சில் ஊற்றி, காய வைத்து, மெருகுக் குழம்பில் தோய்த்துச் சூளைக்கு அனுப்புகிறார்கள். கொலுப் பொம்மை, அகல் விளக்கு, மின்சாரச் சாமான் எல்லாம் இந்த ஊரிலிருந்து போகின்றன. இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதற்கு ஒரு காரணம், சுமார் பதினைந்து மைல் தொலைவில் இருக்கும் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் நல்ல வெண்களிமண்ணும் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பருடன் அந்தக் கொட்டகைகளில் ஒன்றுக்குள் போயிருந்தேன். நடத்துகிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். மாமனார் ஆரம்பித்த தொழிலாம். முழங்கை வரையில் வெள்ளைக் களிமண் பூசியிருக்க, முகத்தில் மட்டும் வெயிலின் கறுப்பு.

"முன்னெல்லாம் பியூஸ் கட்டைதான் சார் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. லாரி லாரியாப் போகும். இப்ப எல்லார் வீட்டுலயும் சுவிட்சு மாதிரி ஒண்ணு வெச்சிட்டாங்க. தானே விழுது; தூக்கிவிட்டா எரியுது. பீங்கானுக்கு வேலையில்லை" என்றார்.

"இப்போது என்ன செய்கிறீர்கள் அம்மா?"

"வெளக்கு, பொம்மை. கார்த்திகைக்கும் நவராத்திரிக்கும் ஓடும். மத்த மாசத்துக்கு ஓட்டணும்."

பையன் இந்த ஊரிலேயே செராமிக் படித்தானாம். இப்போது குஜராத்தில் மோர்பியில் இருக்கிறான். நம் தேசத்து வீடுகளின் தரையில் பதிக்கும் ஓடுகளில் பெரும்பகுதி அந்த ஊரில்தான் தயாராகிறது. "அங்கே பெரிய பெரிய சூளை சார். நம்ம சூளையெல்லாம் அதுக்கு முன்னாடி ஊதுவத்தி" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் வருத்தம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

உடன் வந்த நண்பர் ஏற்றுமதி விஷயங்கள் அறிந்தவர். ஐரோப்பாக்காரர்கள் இப்போது ஒரு பொருளைச் செய்யும்போது எவ்வளவு கரிப்புகை வெளிவந்தது என்று கணக்குக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதை அந்த அம்மாளுக்கு விளக்கினார். அவர் சொன்னது சரிதான். இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய ஆறு சரக்குகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும்போது புகைக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2023 அக்டோபரில் தொடங்கியது. 2026 ஜனவரி முதல் அதற்குக் கட்டணமும் உண்டு. பீங்கான் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பட்டியல் என்பது நீளக்கூடியது.

அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன் சார், அவங்க ஊர்ல சூளையே கெடையாதா?" என்றார்.

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அறியாமல் கேட்ட கேள்வியல்ல அது. கொடுக்கிறவனைப் பார்த்து வாங்குகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். உங்கள் ஊரில் எப்படி? மச்சத்தைக் காட்டுங்கள்!

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நெய்வேலியின் கதையைப் பார்க்கலாம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம்முடைய நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் ஆரம்பம். அவர் பின்னால் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தை இதற்காகக் கொடுத்தார். சுதந்திரம் வந்த பிறகு அமெரிக்க நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். பவல் டஃப்ரின் என்ற ஆங்கிலக் கம்பெனியார் திட்ட அறிக்கை கொடுத்தார்கள். 1956-இல் நெய்வேலி நிலக்கரிக் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. 1957 மே மாதத்தில் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு நவம்பரில் சோவியத் ரஷ்யா நமக்குக் கொடுத்த 50 கோடி ரூபிள் கடனில் நெய்வேலி அனல் மின் நிலையமும் ஓர் அங்கம். சுரங்கம் வெட்டும் ராட்சத யந்திரங்களோ மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. தென்னாற்காட்டு முந்திரிக் காட்டில் மட்டும் மேற்கு ஜெர்மன் யந்திரம் தோண்டிய கரியை ரஷ்யக் கொதிகலன் எரித்தது. இந்தக் கூட்டணியை வேறு யாரால் ஏற்படுத்தியிருக்க முடியும்?

அந்தக் காலத்தில் நமக்கு இந்த உதவி வேண்டியிருந்தது என்பதை மறுக்கமாட்டேன். சென்னை ராஜ்யத்தில் நல்ல நிலக்கரி கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வர வேண்டும். 1958-இல் அந்நியச் செலாவணி வற்றிப்போய், உலக வங்கி அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, ஜப்பான், கனடா ஆகிய தேசங்களைக் கூட்டி இந்தியாவுக்காகக் கடன் திரட்ட வேண்டியிருந்தது. 1961 ஆகஸ்டில் நெய்வேலியில் கரி கண்ணில் பட்டது. 1962-இல் மின்சாரம் வந்தது. கிராமத்துக் கிணறுகளில் பம்ப் செட் ஓடியதும், குடிசையில் விளக்கு எரிந்ததும், ஆலைகள் எழுந்ததும் அந்த மின்சாரத்தால்தான். அந்த நன்றியை மறந்தால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் ஜெர்மன் யந்திரத்துக்கு நடந்த ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். அது ஒரு பெரிய சக்கரம். சக்கரத்தின் விளிம்பில் வாளிகள், வாளிகளுக்குப் பற்கள். ஜெர்மனியின் ரைன் நதிப் பிரதேசத்து மண்ணைத் தயிர் கடைவதுபோல் வழித்தெடுக்கும். நெய்வேலியில் கரிக்கு மேலே கிடந்ததோ கெட்டியான கடலூர் மணற்கல். யந்திரத்தின் பற்கள் தேய்ந்தன. நம்முடைய என்ஜினீயர்களும் தொழிலாளிகளும் முதலில் வெடி வைத்து மண்ணை நெகிழ்த்துவதென்றும், வாளியையும் பல்லையும் மாற்றி அமைப்பதென்றும் பல வழிகளைக் கண்டுபிடித்தார்கள். கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர் வேறு. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டேயிருந்தால்தான் சுரங்கம் முழுகாமல் இருக்கும். அதையும் சமாளித்தார்கள்.

ஓர் ஊர் மண்ணுக்குச் செய்த யந்திரம் இன்னோர் ஊர் மண்ணில் அப்படியே ஓடாது என்பது அபிவிருத்திப் பாடத்தின் அரிச்சுவடி. இதைக் கொடுத்தவரும் கற்றுக்கொண்டார், வாங்கியவரும் கற்றுக்கொண்டார். ரஷ்யர்கள் அமைத்த அந்த முதல் மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. பழுப்புக் கரியிலிருந்து 'லெகோ' என்ற அடுப்புக்கரி செய்து நம் வீடுகளுக்கெல்லாம் கொடுத்த ஆலையும், உர ஆலையும் அதற்கு முன்பே மூடப்பட்டன. யந்திரங்கள் போயின, கைகள் கற்ற வித்தை நின்றது. இந்த வகையில் நெய்வேலிப் பொன் மாற்றுக் குறையாத பொன்தான்.

எந்த இடத்தில் மாற்றுக் குறைந்தது?

ரைன் பிரதேசத்தில் நிலக்கரி எடுக்கும்போது கிராமங்களை அழிக்க வேண்டியிருந்தது. அதற்காக 1950-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்தார்கள். எங்கே வெட்டுவது, எந்த ஊரை எப்போது எடுப்பது, வெட்டிய பிறகு நிலத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் ஆராய ஒரு குழு ஏற்பட்டது. ஓர் ஊரை எடுத்தால் ஊராகவே இன்னோர் இடத்தில் அமைப்பது என்று வழக்கம் வந்தது. மாதா கோவிலையும் இடுகாட்டையும்கூடப் புது இடத்தில் அமைத்தார்கள். அப்படியும் அந்த ஜனங்களின் மனக்குறை தீர்ந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் குறையைச் சொல்ல ஒரு மேஜையும், மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியும் சட்டப்படி இருந்தன.

யந்திரம் கப்பலேறி நெய்வேலிக்கு வந்தது. அந்த மேஜையும் நாற்காலியும் கப்பலேறவில்லை. வேண்டுமென்றே செய்த வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். யாரும் அவற்றைச் சாமான் பட்டியலில் எழுதவில்லை, அவ்வளவுதான். கேட்க வேண்டிய நம் சர்க்காரும் கேட்கவில்லை. திட்டங்களுக்காக ஊரை விட்டுப் போகிறவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று உலக வங்கியே முதன்முதலாகக் கொள்கை வகுத்தது 1980-இல்தான். அதற்குள் நெய்வேலியில் எத்தனையோ அடுப்புகள் இடம் மாறிவிட்டன. நிலம் கொடுத்தவர்களுக்குப் பணம் கிடைத்தது, மனை கிடைத்தது, சிலருக்கு வேலையும் கிடைத்தது. ஊர் கிடைக்கவில்லை.

2023-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரியில் ஜெர்மனியில் லூட்ஸெராத் என்ற சின்னஞ்சிறு கிராமம் நிலக்கரிச் சுரங்கத்துக்காக இடிக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் முன்பே போய்விட்டார்கள். மரத்தின்மேல் குடிசை கட்டிக்கொண்டு மறியல் செய்த இளைஞர்களைப் போலீஸார் இறக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் நம்முடைய சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்ட, பச்சைப் பயிர் நின்ற வயலில் மண் வெட்டும் யந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்தது என்றார்கள் நிர்வாகத்தார். கதிர் வருகிற வரையில் பொறுக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். பயிருக்காக ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிற்று. யந்திரத்தின் பல்லுக்கு ஜெர்மன் மண்ணும் தமிழ் மண்ணும் ஒன்றுதான்.

ஆனால் மேலே கேளுங்கள். ஜெர்மனி 2020-இல் ஒரு சட்டம் போட்டது. 2038-க்குள் நிலக்கரி எரிப்பதை நிறுத்திவிடுவது என்று அதில் தீர்மானம். அதோடு நிற்கவில்லை. கரியை நம்பி வாழ்ந்த பிரதேசங்கள் வேறு தொழிலுக்கு மாறுவதற்காக 4,000 கோடி யூரோ வரையில் ஒதுக்கினார்கள். ரயில் பாதைக்கு, ஆராய்ச்சி நிலையத்துக்கு, புதிய ஆலைக்கு என்று அந்தப் பணம் போகிறது. வயதான தொழிலாளிக்கு ஓய்வூதியம் வருகிற வரையில் கைப்பணம். கரி நின்றால் ஊர் நிற்கக் கூடாது என்ற எண்ணம்!

இது மச்சம். இதைத்தான் நாம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஐரோப்பா உலகத்தைப் பார்த்துச் சொல்கிறது: "கரியை விடுங்கள், சூரியனுக்கும் காற்றுக்கும் வாருங்கள், நாங்கள் துணை." நல்ல வார்த்தை. அதிலே பொய் இல்லை. புகையால் கெடுகிற வானம் எல்லாருக்கும் பொது. வெள்ளமும் வறட்சியும் கடலூர் ஜில்லாக்காரர்களுக்குப் புதிதல்ல. 2022-இல் இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி 2030 வரையில் 1,000 கோடி யூரோ பசுமைக் காரியங்களுக்கு வருமென்று சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலும் கடனாக. கடன் என்றால் தவறில்லை. ஆனால் உரைத்துப் பார்க்க வேண்டும். 2021-இல் தென்னாப்பிரிக்காவைக் கரியிலிருந்து மீட்க 850 கோடி டாலர் தருவதாக ஐரோப்பியர்களும் அமெரிக்கரும் வாக்குக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் இனாமாக வருவது மிகச் சிறு பங்கு. மற்றதெல்லாம் கடனும் உத்தரவாதமும். 2025 மார்ச்சில் அமெரிக்கா அந்த வாக்கிலிருந்தே விலகிக்கொண்டது. சொந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளிக்குக் கைப்பணம். அடுத்த வீட்டுச் சுரங்கத் தொழிலாளிக்குக் கடன் பத்திரம். புகைக்குப் போடும் கட்டணமோ ஐரோப்பியக் கருவூலத்துக்குப் போகிறது. அதை ஏழை தேசங்களின் சூளைகளைச் சீர்திருத்த அனுப்புவோம் என்று விதியில் எழுதியிருந்தால், அந்தச் செராமிக் அம்மாளின் கேள்விக்குப் பதில் சொன்னதாக இருக்கும்.

"வெள்ளைக்காரனை மட்டும் சொல்கிறீரே, நாம் என்ன யோக்கியம்?" என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டும். இந்தியா இப்போது வாங்குகிற தேசம் மட்டுமல்ல, கொடுக்கிற தேசமும்கூட. பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். யுத்தத்துக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் வீடிழந்தவர்களுக்கு இந்தியப் பணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தவணை தவணையாகப் பணத்தைக் குடும்பத்தார் கையிலேயே கொடுத்து, அவரவர் வீட்டை அவரவரே கட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். நல்ல மாற்றுள்ள பொன். அதே கிழக்கில் திருகோணமலைக்கு அருகே சம்பூர் என்று ஓர் ஊர். 2006-ஆம் ஆண்டு யுத்தத்தில் ஓடிப்போன தமிழ்க் குடும்பங்கள் முகாம்களில் காத்திருந்தபோது, அந்த ஊர்ப் பக்கத்து நிலத்தில் ஒரு பகுதியை இந்தியத் துணையோடு கரி மின் நிலையம் கட்டுவதற்காகக் குறித்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2016-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அங்கே சூரிய மின் நிலையம். 2025-இல் வேலை தொடங்கியது. நெய்வேலிக்குக் கேட்க வேண்டிய கேள்வியைச் சம்பூர்க்காரர் நம்மைப் பார்த்துக் கேட்கவும் பாத்தியதை உண்டு.

ஆகையால் இது வெள்ளை, கறுப்பு வழக்கல்ல. பணம் குறைகிறது என்று எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். ஆப்பிரிக்காவில் மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு அமெரிக்க ஸ்தாபனம் மூடியது புள்ளி விவரமல்ல. ஆனால் பணம் கூடினாலும் தீராத குறை ஒன்று உண்டு. கொடுக்கிறவன் தன் வீட்டில் தன் ஜனங்களுக்குச் செய்வதையும், வாங்குகிறவன் வீட்டில் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரைத்துப் பார்க்கிற பழக்கம் இல்லை. எத்தனை கோடி என்று கேட்கிறோம். என்ன மாற்று என்று கேட்பதில்லை.

நெய்வேலியில் ஒரு நாள் கரி நிற்கும். நம் சர்க்காரே 2070-க்குள் புகைக் கணக்கைச் சரிக்கட்டுவதாக உலகத்தார் முன்னிலையில் சொல்லியிருக்கிறது. அன்றைக்குப் பழுப்பு நிலக்கரியோடு சேர்ந்து வெண்களிமண்ணும், அதை நம்பிய சிறு சூளைகளும், ஒப்பந்தத் தொழிலாளியும், கான்டீன்காரரும், நீர் இறங்கிப்போன கிணற்றுக்காரரும் என்ன ஆவார்கள் என்பதற்கு ஒரு திட்டம் வேண்டும். அது கரி நிற்கிற அன்று எழுதுகிற திட்டமல்ல. விருத்தாசலத்தில் நல்ல சூளைக்கும், படித்த பையன் ஊரிலேயே பிழைப்பதற்கும், புதிய பீங்கான் சாமானைக் கண்டுபிடிப்பதற்கும் ஜெர்மன் பணம் வந்தாலும் சரி, டில்லிப் பணம் வந்தாலும் சரி, இப்போதே வர வேண்டும். அந்தத் திட்டத்தை எழுதுகிற மேஜைக்கு எதிரே, களிமண் பூசிய முழங்கைகளை ஊன்றி உட்கார ஒரு நாற்காலியும் வேண்டும்.

சூளையிலிருந்து எடுத்த பீங்கானை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல். மேலே எவ்வளவு மெருகு இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு தேசம் இன்னொரு தேசத்துக்கு இத்தனை கோடி உதவி அறிவித்தது என்று பத்திரிகையில் படித்தால், நீங்களும் ஒரு தடவை சுண்டிப் பாருங்கள்.